கடைசிச் சுற்றில் நீட்டாத கை

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
பம்பாய்.
18-2-1964

அன்பு மகன் கணேசபாண்டியனுக்கு உன் அம்மா பார்வதி எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் தங்கச்சி பூமாரியும் உன் மாமா நயினாரும் இங்கே தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மன் புண்ணியத்தில் நீயும் அந்தச் சீமையில் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பனி கொட்டிக் கிடக்கிற தெருவில் கோட்டு மாட்டிக்கொண்டு நீ நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு அப்பா, ஏட்டி இவன் யாரு, எங்க மில் மானேஜர் மாதிரில்லா நிக்கான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் இருக்கிறது. ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் தின்று வயிற்றை ஏமாற்றாதே, எங்கேயாவது அரிசி கிடைத்தால் ஒரு வேளையாவது கஞ்சி வைத்துக் குடி. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது, ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கிப் போட்டால் மிச்சம் இருப்பதுதான் சோறு. அப்பாவுக்கு இந்த மாதம் பகல் ஷிப்டு, அதனால் மனிதர் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுகிறார். பூமாரி மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், இந்திதான் தண்ணீர் பட்ட பாடு, அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, இந்தக் கடிதத்தை நானே எழுதி நானே ஒட்டித் தபாலில் போடப் போகிறேன். இதில் எழுதியிருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்.

போன வாரம் மதராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகைக்காரர் நம் வீட்டைத் தேடி வந்தார். கேம்பில் பாதிப் பேர் அவருக்கு வழி காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்கள், கல்யாண வீடு தோற்றது. பம்பாயில் ஒரு தமிழ்ப் பையன் கார் ரேஸில் சாம்பியன் ஆகிச் சீமைக்குப் போயிருக்கிறான் என்று சித்திரை மலரில் உன் கதையைப் படத்தோடு போடப் போகிறார்களாம். கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். சின்ன வயதிலேயே உங்கள் மகன் வேகமா என்று கேட்டார். நல்ல வேகம் போங்க, காலையில எண்ணெய் வாங்கிட்டு வாலே என்று அனுப்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான் என்று உள்ளதைச் சொன்னேன், மனிதர் அதையும் எழுதிக்கொண்டார். மெட்ரிக்கில் நீ கோட்டை விட்டது, அப்பா மில்லில் சேர்த்துவிடுகிறேன் என்று இழுத்தபோது தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதது, பிறகு மாஹிமில் பார்சி சேட்டுடைய மோட்டார் கராஜில் போய்ச் சேர்ந்தது எல்லாம் சொன்னேன். சேட்டுடைய டிரைவர் காய்ச்சலில் படுத்த அன்று நீ புனாவுக்கு வண்டி ஓட்டியதும், கண்டாலா மலை ஏறும்போது சேட் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன் கையையே பார்த்துக்கொண்டு வந்ததும், இறங்கிய உடனே இவன் இனிமேல் ஸ்பானர் பிடிக்க வேண்டாம் என்று சொன்னதும் சொன்னேன். முதல் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் சங்கிலி அறுந்து போய் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டாயே, கடைசியில் வந்தவனுக்குத்தான் அன்றைக்குக் கைத்தட்டல் அதிகம் என்றேன். சோழவரத்தில் டயர் வெடித்தும் விடாமல் இரண்டாவதாக வந்ததைச் சொல்லும்போது பத்திரிகைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அடுப்புப் புகை.

ஹனீபைப் பற்றியும் சொன்னேன். அவனை விட்டுவிட்டு உன் கதையை எப்படிச் சொல்வது. உனக்கு முன்னால் கராஜில் சேர்ந்தவன், மேலப்பாளையத்துப் பிள்ளை, நம் வீட்டில் தட்டுப் போட்டால் இரண்டு தட்டாகத்தான் போடுவேன் என்றேன். சேட்டுடைய வண்டிகள் இரண்டை முன்னும் பின்னுமாகப் புனாவுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, முன்னால் போகிறவன் ரோட்டில் குழியோ கல்லோ கிடந்தால் வலது கையை வெளியே நீட்டி அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவன்தானே உனக்குப் பழக்கிக் கொடுத்தான். முன்னால் இருப்பவன் கை காட்டாமல் போனால் ரோடு சுத்தம் என்று அர்த்தம், பின்னால் வருபவன் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். நீங்கள் இரண்டு பேரும் நம் வாசலில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது, பெருமையாகத்தான் சொன்னேன். பத்திரிகைக்காரரும் நன்றாக இருக்கிறது அம்மா என்றார்.

அந்த நேரம் பார்த்து உன் மாமா தோல் ஷாப்பிலிருந்து வந்து சேர்ந்தான். விஷயம் தெரிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு தலை சீவிக்கொண்டு பவுடர் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். சார், எல்லாத்தையும் எழுதுனீங்க, ஆனா அவன் ஜெயிச்சதுக்குக் காரணம் யாருன்னு எழுதலியே என்றான். யார் என்று அவர் கேட்டார். நாந்தாம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். நீ ஜெயித்த ஜுஹு ரேஸுக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது வளைவில் ஒரு வண்டி சுற்றிப் போய் நின்றதாம், அந்த இடத்தில்தான் கண்ணேறு இருக்கிறது என்று இவனாக முடிவு கட்டி, மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி, குங்குமத்தை அடைத்து, ரேஸ் அன்றைக்கு விடியற்காலையில் ஜுஹுவுக்குப் போய்க் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, வைக்கோல் கட்டு அடுக்கியிருந்த ஓரத்தில் உன் பேரைச் சொல்லிச் சுற்றி ஓங்கிப் போட்டு உடைத்தானாம். உடைச்ச உடைப்புல தரையே செவந்து போச்சு சார், பெறவு எம்மருமகனை எவன் கண்ணு என்ன செய்யும் என்றான். நம் ஆட்கள் புது லாரி எடுத்தால் ரோட்டில் உடைக்கவில்லையா, கடை திறந்தால் உடைக்கவில்லையா, அந்த நினைப்பில் செய்திருக்கிறான். பத்திரிகைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஹனீபு வண்டி கவிழ்ந்தது அந்த மூன்றாவது வளைவில்தானே.

ரேஸ் அன்றைக்கு நீ முன்னால் போய்விட்டாய், உனக்கு நான் இருந்த இருப்புத் தெரியாது. பெண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். புழுதியையும் சத்தத்தையும் தவிர நான் ஒன்றையும் பார்க்கவில்லை, சிவப்பு ஒன்று போனால் நீ, பச்சை ஒன்று போனால் ஹனீபு என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். உங்கள் இரண்டு பேரில் எவன் முன்னால் வருகிறானோ அவன்தான் ஒரு வருஷம் இங்கிலாந்து ரேஸ் பட்டறைக்குப் போவான் என்று சேட் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கேம்ப் முழுவதும் அதே பேச்சு. கடைசிச் சுற்று என்று கொடியை ஆட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று ஒரே கூச்சல். நான் எந்திரித்து, எந்தக் கலரு, எந்தக் கலரு என்றுதான் கத்தினேன். பச்சை என்றார்கள். அப்பாடா என்றேன் மகனே. என் கையால் சோறு தின்ற பிள்ளை வண்டிக்கு அடியில் கிடக்கும்போது என் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

பத்திரிகைக்காரரிடம், தம்பி, அந்தப் பூசணிக்காயை எழுதாதீங்க என்றேன். அதுதானேம்மா இதில் சுவாரஸ்யமே என்றார். அப்படியா, கால் ஒடிஞ்சு கிடக்கிறவன் வீட்டுல போய் இதைச் சொல்லுங்க, அங்க சுவாரஸ்யமா இருக்கான்னு பாத்துட்டு வந்து எழுதுங்க என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், முகம் சுண்டிப்போய்ப் பேனாவை மூடினார். பங்குனி நடுவில்தான் அச்சுக்குப் போகும், அதற்குள் நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், அதுவரை ஒரு வரி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நயினாரை நான் கேட்ட கேள்வியில் அவன் போட்ட பவுடரெல்லாம் வேர்வையில் ஓடிவிட்டது. எந்த வளைவில் கவிழ்ந்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாதாம், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிற அவசரத்தில் இருந்திருக்கிறான். தெரிந்ததும் சுவரில் சாய்ந்தவன் அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாஹிமுக்குப் புறப்பட்டேன். நயினார் வர மாட்டேன் என்றான். ஏலே, நீயா நடந்து வாறியா, நான் சட்டையைப் பிடிச்சுத் தெரு வழியா இழுத்துட்டுப் போகட்டா என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஹனீபு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். சேட் வேலையை வீட்டுக்கே கொடுத்து அனுப்புகிறாராம். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் இடது கால் நேராக இல்லை, முட்டிக்குக் கீழே உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. கிளட்சை மிதித்தால் பாதியில் நடுங்குகிறது என்று அவனே மிதிப்பது மாதிரி செய்து காட்டினான், என்னால் பார்க்க முடியவில்லை. அவன் அம்மா சைனப் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வாங்க மதினி, உங்களப் பாத்து எவ்வளவு நாளாச்சு என்று உள்ளே கூப்பிட்டாள். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் உன் மாமா, நெடுமரமாக நின்றவன், அப்படியே ஹனீபு காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான், பூசணிக்காய், பூசணிக்காய் என்பதற்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. மிச்சத்தை நான்தான் சொன்னேன்.

ஹனீபு கோபப்படுவான் என்று நினைத்தேன். நாலு வார்த்தை ஏசினால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவன் சிரித்தான். அட அது நீங்க போட்டதா மாமா, அடுத்த மட்டம் என் பேரையும் சேத்துச் சொல்லிச் சுத்துங்க, செலவு ஒண்ணுதானே என்றான். பிறகு, அந்தக் காய் அங்க கெடந்தது எனக்கு மொதச் சுத்துலேயே தெரியும்மா, கணேசன் கை காட்டுனான்லா என்றான். எனக்குப் புரியவில்லை. ரேஸ் ஓடும்போதா என்று கேட்டேன். ஆமாம்மா, புனா ரோட்டுல காட்டுத மாதிரியே காட்டுனான், ஒவ்வொரு சுத்துலயும் அந்த வளைவு வந்தா கையை வெளிய நீட்டி உள் ஓரத்தைக் காட்டிட்டுப் போனான், சேட்கூட என்னடா இவன் ரேஸ்ல போய் சலாம் போடுதான்னு கேட்டாராம் என்றான். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது ஐயா. போட்டி போடுகிற இடத்தில், உன்னைத் தோற்கடிக்க வருகிறவனுக்கு நீ வழி காட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறாய். இதை அந்தப் பத்திரிகைக்காரர் எழுதட்டும், கோப்பையைவிட இது பெரிசு என்று அந்தக் கணம் நினைத்தேன்.

பிறகுதான், தெரிஞ்சுமா அது மேல ஏத்துனே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் குனிந்துகொண்டு ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான். சைனப்பும் அவனைத்தான் பார்த்தாள், அவளிடமும் அவன் இதைச் சொன்னதில்லை போலிருக்கிறது. கடைசிச் சுத்துல உள்பக்கமா ஏறிரலாம்னு போனேம்மா, கணேசன் கை காட்டல, சரி எவனோ ஒதுக்கிப் போட்டுட்டான் போலன்னு முழுசா உள்ள விட்டேன், டயர் வழுக்கிட்டு என்றான். சொன்ன வேகத்திலேயே தலையைத் தூக்கி, அவன் மேல ஒரு தப்பும் கிடையாதும்மா, ஆக்கிரி சக்கர்ல, கடைசிச் சுத்துல, எவனும் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுக்க மாட்டான், நானும் எடுத்திருக்க மாட்டேன், நான்லா பாத்துப் போயிருக்கணும் என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நீங்க இதையெல்லாம் அவனுக்கு எழுதாதீங்க, வெயிலே இல்லாத ஊர்ல ஒத்தையா கெடக்கான், மனசு ஒடிஞ்சா வண்டி ஓடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டான். சரி என்று வாயால் சொல்லிவிட்டு வந்தேன், இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். கிளம்பும்போது சைனப் தெருமுனை வரை வந்தாள். மதினி, கணேசன் உங்களுக்குக் கடுதாசி போடுதானா, எங்க விலாசத்தைத் தொலைச்சிட்டானோ என்னமோ, இவன் தபால்காரர் வாற நேரமா பாத்து வாசல்ல வந்து உக்காந்துக்கிடுதான் என்றாள். விலாசத்தை நானே எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். வண்டி போற வேகத்துல மனுசனுக்கு என்னட்டி ஞாபகம் இருக்கும், மறந்திருப்பான், விட்டுரு என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் நீ கப்பல் ஏறிய நாளிலிருந்து எழுதிய கடிதங்களில் யாரை விசாரிக்காமல் விட்டாய். டீக்கடை பேராச்சியைக் கேட்டாய், அப்பாவின் மூட்டு வலியைக் கேட்டாய், பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூடக் கேட்டாய். ஹனீபு கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. குளிரில் மறந்திருப்பாய், வேலை அலுப்பு என்று நானாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை காட்ட மறந்து போனவனாக இருந்தால் முதல் கடிதத்தில் முதல் வரியாக அவன் காலைத்தான் கேட்டிருப்பாய். நான் உன்னைப் பெற்றவள், எனக்கு இது தெரியாதா.

உன்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க எழுதவில்லை ராசா. அத்தனை சுற்றும் கை காட்டியவனும் நீதான், கடைசிச் சுற்றில் காட்டாதவனும் நீதான், இரண்டு பேரும் என் பிள்ளைதான். பின்னால் அவன் சத்தம் நெருங்கி வந்திருக்கும், இங்கிலாந்து, கப்பல், சேட் சொன்ன வார்த்தை எல்லாம் கண் முன்னால் வந்திருக்கும், கை ஸ்டீரிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இருந்து பார்க்காத எவளும் உன்னைக் குறை சொல்லக் கூடாது, அப்பாடா என்று சொன்ன நான் சொல்லவே கூடாது. கோப்பையைத் திருப்பிக் கொடு என்றோ, பெட்டியைக் கட்டிக்கொண்டு வா என்றோ நான் சொல்லப் போவதில்லை. நீ கற்றுக்கொள்ளப் போனதை முழுசாகக் கற்றுக்கொண்டு வா. பத்திரிகையில் என்ன போடலாம் என்பதும் உன் இஷ்டம், வேண்டாம் என்றால் அந்த மனிதரை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஹனீபுக்கு எழுது. மறந்திருந்தால் மறந்தேன் என்று எழுது. தெரிந்தே நீட்டாமல் விட்டிருந்தால் அதையும் அப்படியே எழுது, அழகுபடுத்தாதே. அவன் இரண்டையும் தாங்குவான். நீ சொல்லாமலே அவனுக்கு விஷயம் தெரியும், தெரிந்துகொண்டே உனக்காக என்னிடம் வக்காலத்து வாங்குகிறவன் அவன். அவன் வாசலில் காத்துக்கொண்டிருப்பது உன் மன்னிப்புக்கு இல்லை, உன் கையெழுத்துக்கு.

இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுதாதே. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், முதல் கடிதம் மாஹிமுக்குத்தான் போக வேண்டும். உன் கடிதம் வந்தது என்று சைனப் வந்து சொல்லட்டும், அதில் என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவே மாட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எழுது.

அம்மன் உன் கையிலும் காலிலும் துணையாக இருக்கட்டும், நீ ஓட்டுகிற வண்டிக்கும் உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அப்பாவும் மாமாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க முடியாவிட்டாலும் உள்ளங்காலில் ஒரு சொட்டாவது தடவிக்கொள், கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே.

ஹனீபு வீட்டு விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அது உனக்குத் தெரியாத விலாசம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
பூ. பார்வதியம்மாள்

முகம்மது ஹனீப்,
மோட்டார் கராஜுக்குப் பின் சந்து,
மாஹிம், பம்பாய் 16.